நான்கு மூலையிலும் மஞ்சள்

ஓடைக்கல்பாளையம்,
புதன்கிழமை.

அன்புத் தம்பி சற்குணத்துக்கு அக்கா மரகதம் எழுதுவது.

முதலில் அன்றைய கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

உழவர் சங்கக் கட்டடத்தின் நடுக்கூடம். மேசைக்குத் தலைமாட்டில் தலைவர் சென்னியப்பண்ணன். அவருக்கு வலது பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, நாக்பூரிலிருந்து வந்த மத்திய போதைத் தடுப்புத் துறை அதிகாரி வசுந்தரா அம்மா. அவர் நாற்காலியில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்; தண்ணீர்கூட கையோடு கொண்டு வந்திருந்தார். எதிர்ப்பக்கம் மாநில மூலிகைத் துறையின் விஞ்ஞானி அருட்செல்வன். அவருக்குப் பக்கத்தில் கலெக்டர் ஆபீஸ் ஆளுக்குப் போட்ட நாற்காலி காலி. வந்தால் மாநிலத்துக்கு ஒரு பதில், மத்தியத்துக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அதனால் யாரையும் அனுப்பவில்லை. உன் மனைவி பவளக்கொடி கதவோரம், முதுகு சாயாமல். செயலாளர் என்ற முறையில் நான் ஜன்னல் பக்கம்.

உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். சலித்துக்கொள்ளாதே. உன் மகள் தாமிரா பெரியவளாகி இதைப் படித்தால் அவளுக்கும் புரிய வேண்டும்.

தாமிரா, நம் மாநிலம் கஞ்சாவை மருந்துப் பயிர் என்று சட்டம் போட்டது. மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் போதைப்பொருள்தான். எது பெரிய சட்டம் என்று டெல்லியில் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை இரண்டும் சட்டம். எங்கள் சங்கம் லைசென்ஸ் வாங்கி, ஒரே தாய்ச்செடியிலிருந்து கிளை ஒடித்து நட்டுச் செடி வளர்த்தது, எண்ணெய் எடுத்தது. உன் வலிப்பை நிறுத்தியது அந்த எண்ணெய். காலையில் நாக்கில் ரெண்டு சொட்டு விட்டுக்கொண்டு நீ பள்ளிக்கூடம் போனாய்.

திருட்டுக் கஞ்சாவையும் லைசென்ஸ் கஞ்சாவையும் பிரித்துப் பார்க்க மாநிலம் ஒரு வழி கண்டது. லைசென்ஸ் செடிக்குள் ஒரு முத்திரை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, உடம்புக்குக் கெடுதல் இல்லை. செடியைத் தொட்டால், எண்ணெயைக் குடித்தால் உடம்பில் ஏறிக்கொள்ளும், பிறகு இறங்காது. வேர்வையை வைத்தே ஒரு கருவி அதைச் சொல்லிவிடும். அந்தக் கருவியை ஊரில் மூக்கு என்பார்கள். மாநிலப் போலீஸ் மூக்கைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும். போகலாம் என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் பெருமையாகக் கையை நீட்டினோம்.

பிறகு மத்திய அரசும் அதே மூக்கைச் செய்து ரயில் நிலையத்திலும் ஏர்போர்ட்டிலும் சுங்கச்சாவடியிலும் வைத்தது. அதே முத்திரைதான். விளக்கு மட்டும் சிவப்பு.

நம் ஊரை ரயில் பாதை ரெண்டாக வெட்டுகிறது. பாதை மத்திய அரசின் மண். ஆஸ்பத்திரியும் கல்யாண மண்டபமும் அந்தப் பக்கம். கேட்டில் மூக்கு வைத்த நாளிலிருந்து சங்கத்து ஆட்கள் பாலத்துக்கு அடியில் ஓடைக்குள் இறங்கித்தான் அந்தப் பக்கம் போகிறோம். ஓடை யாருக்குச் சொந்தம் என்று அதற்கும் ஒரு வழக்கு. சித்திரையில் மாப்பிள்ளை ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் போனதைப் பார்த்து ஊரே சிரித்தது. அப்போது சிரிக்க முடிந்தது.

லீவில் அப்பாவைப் பார்க்க நீயும் அம்மாவும் நாக்பூர் போனீர்கள். இங்கே கேட்டைத் தாண்டாமல் லாரியில் போய் வேறொரு ஊரில் ரயில் ஏறினீர்கள். அங்கே மூக்கு இல்லை. நாக்பூரில் இருந்தது.

தம்பி, அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மாநிலம் மனுப் போட்டதால் பவளத்தைத் திருப்பி அனுப்பினார்கள். குழந்தையை, சிவப்பு எரிந்தவர்களை அடைத்துவைக்கும் இல்லத்தில் வைத்துக்கொண்டார்கள். காகிதத்தில் அவள் பெயருக்கு எதிரில் 'சாட்சிப் பொருள்' என்று எழுதியிருக்கிறது. எண்ணெய் கிடையாது. வலிப்பு திரும்பிவிட்டது என்று நீ எழுதினாய்.

கூட்டத்துக்கு வருகிறேன்.

வசுந்தரா அம்மா நம் பக்கத்துப் பெண்தான். பேச்சிலேயே தெரிந்தது.

"நான் சுத்தி வளைச்சுப் பேசலைங்க. உங்க தாய்ச்செடி எங்களுக்கு வேணும். குடுத்தீங்கன்னா பொண்ணு வீட்டுக்கு வந்துரும்."

சென்னியப்பண்ணன் கேட்டார், "தாய்ச்செடி எதுக்குங் அம்மிணி? வேணும்னா ஒரு லாரி செடி ஏத்தி விடறனே, கொண்டு போய்க் கொளுத்திக்கங்க."

"கொளுத்தறதுக்கு இல்லீங்க. ஒவ்வொரு சங்கத்துக்கும் முத்திரை வேற வேற, தாய்ச்செடியிலதான் அது கலப்பில்லாம இருக்கும். இது மாநில முத்திரைன்னுதான் எங்க மூக்குக்குத் தெரியுமே தவிர, எந்தத் தோட்டம்னு தெரியாது. தாய்ச்செடி கெடைச்சா உங்க எண்ணெய் குடிச்ச எல்லாத்தையும் தனியாப் பிரிச்சு எடுத்துரலாம்."

"எல்லாம் புள்ளைங்க அம்மிணி. வலிப்புப் புள்ளைங்க, புத்துநோய்க்காரங்க."

"தெரியுங்க. எனக்கு எழுதிக் குடுத்ததைச் சொல்றேன்."

சென்னியப்பண்ணன் அருட்செல்வன் பக்கம் திரும்பினார். "ஏனுங் டாக்டரே, நெஞ்சுல முத்திரை குத்தறேன்னு சொன்னீங்க. முதுகுல குத்தியிருக்கறீங்களே."

அருட்செல்வன் தலை குனிந்துகொண்டார். "மாநிலச் சட்டப்படி நீங்க தாய்ச்செடியக் குடுக்கக் கூடாதுங்கய்யா. குடுத்தா லைசென்ஸ் போயிரும். கேஸும் வரும்."

"அப்ப குடுக்கலீன்னா அவிங்க புடிப்பாங்க. குடுத்தா நீங்க புடிப்பீங்க. நல்லா இருக்குதுங்க உங்க ரெண்டு பேர்த்த ராஜ்ஜியமும்."

பவளம் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள். அப்போது கேட்டாள், "எம்புள்ளைக்கு அந்த எண்ணெய மட்டும் உள்ள குடுக்க முடியுங்களா? வீட்டுக்கு அப்பறமா அனுப்புங்க. முதல்ல வலிப்பு நிக்கட்டும்."

வசுந்தரா அம்மா அவள் பக்கம் திரும்பினார். "ஒரு விலக்கு மனு எழுதிக் குடுங்க. நானே கையில கொண்டு போறேன். நான் சிபாரிசு பண்ணினா நடக்கும். மத்ததை அப்பறம் பேசிக்கலாம்."

மனுவை நான் எழுதினேன். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. அதை இங்கே குறித்து வைக்க வேண்டும்.

அவர் எழுந்தார். பவளம் உள்ளே போய் மஞ்சள் குங்குமத் தட்டை எடுத்து வந்து நீட்டினாள். யாரும் சொல்லவில்லை. வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று கை பழகியிருக்கிறது. மேசையைக்கூடத் தொடாத அந்த அம்மா தட்டைப் பார்த்துத் தயங்கினார். கஞ்சா இல்லையே, மஞ்சள்தானே. அவர் கையும் பழகிய கை. தொட்டுத் தாலிக்கொடியில் வைத்துக்கொண்டார், கன்னத்தில் தடவிக்கொண்டார், நெற்றியில் குங்குமம் இட்டுக்கொண்டார்.

"புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று பவளத்திடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பெரிய மனுஷி, மறந்திருப்பார் என்று சென்னியப்பண்ணன் திட்டினார். நானும் மனசுக்குள் திட்டினேன்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. இல்லத்தில் புதிதாக ஒரு அம்மா அடைபட்டிருக்கிறார், தமிழ் பேசுகிறார், தாமிராவுக்கு வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்கவைத்து மடியில் தாங்கிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் பெரிய அதிகாரி, சொந்த ஆபீஸ் வாசலிலேயே மூக்கு சிவப்பு காட்டிப் பிடிபட்டவர், நான் ஒன்றையும் தொடவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய்.

நான் அதைச் சத்தமாகப் படித்தேன். பவளம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"நங்கைங்க" என்று நாத்தனாரான என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள், "அவங்க நெசமாலுமே ஒண்ணையும் தொடலீங்க."

"ஆமா."

"மஞ்சளத் தொட்டாங்க."

அருட்செல்வனுக்கு ஆள் அனுப்பி, மஞ்சள் விஷயத்தைச் சொல்லி வரச் சொன்னேன். மறுநாள் மத்தியானமே வந்தார், சென்னியப்பண்ணனும் கூட வந்தார். அருட்செல்வன் பையிலிருந்து மாநிலத்து மூக்கை எடுத்து அதே தட்டில் குங்குமத்துக்கு மேல் பிடித்தார். ஒன்றும் இல்லை. வெற்றிலைக்கு மேல் பிடித்தார். ஒன்றும் இல்லை. மஞ்சளுக்கு நகர்த்தினார்.

பச்சை.

அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். அஞ்சறைப் பெட்டி: பச்சை. ஆறிப்போன சாம்பார்: பச்சை. ஊறுகாய் ஜாடி: பச்சை. கதவு நிலையில் வைத்த பொட்டு: பச்சை. பவளம் தன் தாலிக்கயிற்றை எடுத்து முன்னால் நீட்டினாள். அதற்கும் எரிந்தது. நல்ல வெயில் நேரம் தம்பி. அந்த வெளிச்சத்திலும் அந்தப் பச்சை கூசியது.

"முத்திரையைச் செடிக்குள்ள வைக்கலைங்க" என்றார் அருட்செல்வன். குரல் பள்ளிக்கூடப் பையன் குரல் போல ஆகிவிட்டது. "செடியை ஒடிச்சுத் திருடினா முத்திரையும் சேர்ந்து போயிருமே. அதனால வேருல வாழற ஒரு நுண்ணுயிருல வச்சோம். அது முத்திரையைச் செய்து வேர் வழியா செடிக்கு ஏத்தும். மண்ணு எங்க மண்ணா இருந்தாத்தான் முத்திரை. நல்ல யோசனைன்னு மேல பாராட்டுனாங்க."

"செரி. மஞ்சளுக்கு எப்படி வந்துது?"

"கஞ்சா வரப்பைச் சுத்தி வேலிப்பயிர் வைக்கணும்னு லைசென்ஸ்ல ஒரு விதி இருக்குதுங்களே."

இருக்கிறது. எங்கள் தாலுகாவில் வேலிப்பயிராக எல்லோரும் மஞ்சள்தான் வைத்தோம். நல்ல விலை போகும் பயிர், தெரிந்த பயிர். அந்த விதியைச் சங்கத்தில் படித்துக் காட்டியது நான்தான்.

"மஞ்சள் கிழங்கே மண்ணுக்குள்ளதானே இருக்குது. செடியை விட அதுல கனமா ஏறியிருக்குதுங்க."

"மனுசன்கிட்ட இருந்து மனுசனுக்கு ஏறுமா?"

"ஏறாதுங்க. செடி, எண்ணெய், மஞ்சள். இதைத் தொட்டாலோ தின்னாலோதான்."

சென்னியப்பண்ணன் மெதுவாகக் கேட்டார், "இதுவரைக்கும் மூணு வெள்ளாமை மஞ்சள் வித்தாச்சுங் டாக்டரே. அது எங்கெங்க போயிருக்கும்?"

அருட்செல்வன் மூக்கை அணைத்துப் பைக்குள் வைத்தார். மஞ்சள் போகாத இடம் எது என்று யோசித்துப் பார்த்தேன். சாம்பார், கல்யாணம், கோயில், புண்ணுக்குப் பத்து, பிறந்த குழந்தையின் குளியல்.

"மேல சொன்னீங்களா?"

"நேத்து நீங்க மஞ்சள்னு சொல்லி அனுப்புனதுமே சொன்னேங்க. வாயைத் தொறக்காதேன்னுட்டாங்க. மஞ்சள் ஏற்றுமதி நின்னா மாநிலமே படுத்துருமாம்."

"அப்ப மத்தியத்துக்குத் தெரியாது?"

"தெரியாதுங்க. அங்கங்க சிவப்பு எரியும். கஞ்சாக்காரங்க பெருகிட்டாங்கன்னு நெனைச்சுப்பாங்க. இல்லம் இன்னும் நாலு கட்டுவாங்க."

அதுவும் ஆரம்பித்துவிட்டது என்றார். சேலத்துப் பக்கம் ஒரு கல்யாண வீட்டார் மொத்தமாக ரயில் நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். மஞ்சள் நீராட்டு முடிந்து ஈரத் துணியோடு வந்தவர்களாம்.

இதற்கு நடுவில் வசுந்தரா அம்மாவின் இடத்துக்கு வந்தவரிடமிருந்து கடிதம் வந்தது. யாரென்று தெரியவில்லை, கையெழுத்தும் மெஷின் போட்டது. முந்தைய அதிகாரி உங்களிடம் கையூட்டுப் பெற்றவராகக் கருதப்படுகிறார். அவர் கொண்டுவந்த மனு செல்லாது. தாய்ச்செடியை ஒப்படைக்கச் சம்மதமா என்று எழுத்தில் பதில் வேண்டும். இல்லையென்றால் குழந்தை வழக்கு முடியும்வரை இல்லத்திலேயே இருப்பாள். வழக்கு எப்போது முடியும் என்று நம் வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

நேற்று மறுபடியும் கூடினோம். அதே கூடம். இந்தத் தடவை ஒரு நாற்காலியும் காலியில்லை. சங்கத்து ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். நான் எழுந்து சொன்னேன்: மஞ்சள் விஷயத்தை மத்தியத்துக்கு எழுதிவிடலாம். பாவம், ஒன்றும் தெரியாத ஜனங்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

"எழுதினா என்ன பண்ணுவாங்க மரகதம்?" என்றார் சென்னியப்பண்ணன். "மன்னிச்சுக்கங்கன்னு விளக்கை அணைப்பாங்களா? மஞ்சக் காட்டையெல்லாம் கொளுத்துவாங்க. மஞ்சள் வித்தவன், அரைச்சவன், தின்னவன்னு வரிசையா வருவாங்க."

"அதுக்காகச் சும்மா இருக்கறதா?"

பவளம் எழுந்தாள். கூட்டத்தில் அவள் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"நங்கைங்க, நீங்க எழுதற பதிலுக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் வைப்பீங்கல்ல?"

நல்ல காரியத்துக்கு எழுதும் எந்தக் கடிதத்துக்கும் நான் வைப்பேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள்.

"இதுக்கும் வைங்க. நெறைய வைங்க. உள்ள தாள்லயும் வைங்க."

அருட்செல்வன், "அம்மா, அதைப் பிரிக்கறது ஒரு கிளார்க்குங்க. அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"எம்புள்ளைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அவருக்கும் புள்ளைங்க இருக்கும்..."

"இருக்கட்டுங்க. கிளார்க்கு வீட்டுப் புள்ள, அவருக்கு மேல இருக்கறவங்க வீட்டுப் புள்ள, எல்லாம் அங்க வரட்டும். எல்லாத்துக்கும் செவப்பு எரியட்டும். அப்பத்தான் கதவைத் தொறப்பாங்க. எம்புள்ளைக்காக யாரும் தொறக்க மாட்டாங்க."

கை தூக்கச் சொன்னார் தலைவர். எத்தனை கை என்று நான் எழுதவில்லை. தூக்காத கையைத் தேடினேன், அருட்செல்வனுடையது மட்டும்தான். அவருக்கு ஓட்டும் இல்லை. என் கை எங்கே இருந்தது என்று கேட்காதே.

பதில் மரியாதையான பதில்தான். தங்கள் கோரிக்கையைச் சங்கம் கனிவுடன் பரிசீலிக்கிறது. தங்கள் அலுவலர் எவரையும் நேரில் வரவேற்கக் காத்திருக்கிறோம். கீழே என் கையெழுத்து. இன்று காலை பவளம் அதைத் தபால் பெட்டியில் போட்டாள். ஆட்களைத்தான் மோப்பம் பிடிக்கிறார்கள், காகிதத்தை இல்லை. தபால் ஆபீஸும் மத்திய அரசுடையது, வாசலில் மூக்கு இருப்பதால் உள்ளே நாங்கள் கால் வைக்க முடியாது. ஆனால் பெட்டியின் வாய் பஞ்சாயத்துத் தெருவைப் பார்த்து இருக்கிறது. கையை மட்டும் மத்திய அரசுக்குள் விட்டு எடுத்தாள். விரலெல்லாம் மஞ்சள். திரும்பி வந்து ஒரு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள், தம்பி. பல நாளைக்கப்புறம். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது உனக்கு எழுத வந்த காரியம். இதை நிதானமாகப் படி.

பவளம் அன்றைக்கு நாக்பூருக்குக் கொண்டு வந்த பை உன் அறையில்தான் இருக்கிறது. போலீஸ் உன்னிடம் கொடுத்தது. பிரிக்க மனசு வரவில்லை என்று எழுதியிருந்தாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரித்து, தாமிராவின் பச்சைப் பாவாடையை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றும் எழுதியிருந்தாய்.

பிரிக்காதே. பாவாடைக்கு அடியில், உனக்கென்று முதல் தடவையாகக் கொடுத்தனுப்பிய மஞ்சள்தூள் டப்பா இருக்கிறது. மூடி சரியில்லாத டப்பா. வழியெல்லாம் கொட்டியிருக்கும் என்கிறாள் பவளம்.

நீ முத்திரை வந்த பிறகு ஊருக்கு வராதவன், நாக்பூர்க் கடையில் வாங்கிச் சமைப்பவன். இதுவரை உனக்குச் சிவப்பு எரியவில்லை. நம் குடும்பத்தில் அந்த இல்லத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போய் அவள் முகத்தைப் பார்க்கக்கூடியவன் நீ ஒருவன்தான் மிச்சம். வெளியே சாப்பிடாதே. கோயிலில் பிரசாதம் கொடுத்தால் வாங்காதே. யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாதே. பாவாடை வேண்டுமென்றால் புதிதாக வாங்கிக் கொடு. பழையது எங்கே என்று கேட்டால் அத்தை துவைக்கப் போட்டிருக்கிறாள் என்று சொல்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நம் பேச்சை மெஷின் கேட்டுக்கொண்டிருக்கிறது. பையைப் பிரிக்காதே என்று நான் சொன்னால் உனக்கு முன்னால் அவர்கள் வந்து பிரிப்பார்கள்.

வசுந்தரா அம்மாவைப் பார்த்தால் மஞ்சளைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் சொல்வதை யாரும் நம்பாத வரைக்கும்தான் நமக்கு நேரம். எழுதும்போதே எனக்குக் கேவலமாக இருக்கிறது. தாமிராவை மடியில் வைத்திருப்பதற்கு நன்றி என்று மட்டும் சொல். அதை அவர் என்னவாக எடுத்துக்கொண்டாலும் சரி.

இது நாக்பூர் போகும் லாரியில் வருகிறது. டிரைவர் கருப்பணன் சுங்கச்சாவடிப் பக்கம் போகாமல் ஊர்ச்சாலைகளிலேயே வண்டி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சேர்ந்துவிடும் என்கிறான், மழை பெய்யாவிட்டால். நாக்பூர் பக்கம் போகிற லாரி இந்த வாரம் இது ஒன்றுதான். லோடு என்னவென்று நீயே ஊகித்திருப்பாய். நாலாம் வெள்ளாமை மஞ்சள், அறுபது மூட்டை. அந்த லோடை நிறுத்தச் செயலாளருக்கு அதிகாரம் உண்டு. கருப்பணன் தார்ப்பாய் கட்டி முடிக்கும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தைக் கையுறை போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறேன். தாளும் உறையும் இன்றைக்குக் கடையில் பிரித்த புதுக் கட்டு. உறைக்கு வெளியே ரெண்டு பாலிதீன் பை. வெளிப்பையைத் தொடாமல் கிடுக்கியால் பிடித்துக் கத்தரித்து எரித்துவிடு. பிறகு உறையை எடு. இதையெல்லாம் நீ பிரிக்கும் முன்பே கருப்பணன் வாயால் சொல்லியிருப்பான்.

உறையின் மூலையில் மஞ்சள் இல்லையே, அக்கா கெட்ட சேதி எழுதியிருக்கிறாளோ என்று பதறாதே. என் வாழ்நாளில் மஞ்சள் வைக்காமல் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. மண்ணில் முத்திரை ஏறிய இந்த வருஷங்களில் உன்னோடு போனில்தான் பேசினேன், அதனால்தான் நீ தப்பினாய். இனி எழுதுவதெல்லாம் இப்படித்தான் வரும்.

கருப்பணன் ஹாரன் அடிக்கிறான். சோற்றுப் பருக்கை தயாராக இருக்கிறது. வெறும் சோறு, பவளத்தைத் தொடவிடாமல் நானே வடித்தது. மடித்து ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அக்கா,
மரகதம்.